மாட்டுக்கு லாடம் கட்டுவதா, குதிரைக்கு லாடம் அடிப்பதா?

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் வண்டி மாட்டுக்கு லாடம் கட்டுவது என்போம். ஓசூர் பக்கம் குதிரை வைத்திருக்கும் உறவுக்காரர் லாடம் அடித்தோம் என்கிறார். போலீஸ்காரர் லாடம் கட்டுவார் என்றும் பேசுகிறோம். இது தமிழ்ச் சொல்தானா, எது சரியான வழக்கு?" கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: ஆணி அடித்தால் குதிரைக்கு வலிக்காதா, கழற்றிப் போட்ட பழைய லாடத்தை வாசலில் மாட்டலாமா. பார்த்தால் சொல் ஆராய்ச்சி மாதிரி இருக்கிறது. ஆனால் கட்டுவதா அடிப்பதா என்பதற்கு அகராதியைப் புரட்டினால் விடை வராது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் வரும். அதனால் சொல்லை முதலில் சுருக்கமாக முடித்துவிட்டு வேலைக்கு வருகிறேன்.

லாடம் என்பது குளம்பின் அடியில் ஆணியால் பொருத்தும் இரும்பு. உறுதியாகச் சொல்லக்கூடியது, தமிழில் இது பழைய சொல் அல்ல என்பது. தொல்காப்பியக் கணக்கில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது. அதனால்தான் பழைய முறைப்படி எழுதுகிறவர்கள் முன்னால் ஓர் இகரம் போட்டு 'இலாடம்' என்று எழுதினார்கள். குதிரையைச் சுற்றியுள்ள லாயம், லகான் இரண்டும் இதே கதைதான். லாயம் குதிரை கட்டும் இடம், லகான் கையில் பிடிக்கும் வார், லாடம் காலுக்கு அடியில் போகும் இரும்பு. மூன்றையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு, எழுதுகிறவர்கள் உட்பட.

பக்கத்து மொழிகளைப் பாருங்கள். மலையாளத்தில் இதே லாடம். கன்னடத்தில் லாள. தெலுங்கில் லாடமு என்றும் நாடா என்றும் இரண்டு வடிவம். இந்தியிலும் மராத்தியிலும் நால். அரபியில் செருப்பு, காலணி என்ற பொருளில் 'நஃல்' என்றொரு சொல் இருக்கிறது. உருதுவின் நால் அங்கிருந்து வந்ததுதான். நால், நாடா, லாள, லாடம் என்று வரிசையாக வைத்தால் இவை ஒன்றோடொன்று உறவு என்று காதே சொல்லிவிடும். எது எதிலிருந்து எப்போது பிரிந்தது என்பது ஊகத்துக்கு உரியது. நகரமும் லகரமும் இடம் மாறுவது, ளகரம் டகரமாவது எல்லாம் நடக்கக்கூடியவை என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. கர்நாடக எல்லையை ஒட்டிய தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் லாடமும் லாளவும் காதில் விழும். அங்கே இந்த உறவை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பழைய தமிழில் குதிரைக்குப் பெயர் பஞ்சமில்லை: புரவி, பரி, மா, இவுளி, கலிமா. வாயில் கொடுக்கும் இரும்புக்குக்கூடப் பெயர் உண்டு. புறநானூற்றின் 4-ஆம் பாட்டில் 'கறுழ்' என்று வருவது கடிவாளத்தின் வாயிரும்பு. அது உரசி உரசிக் குதிரையின் வாய் சிவந்திருக்கிறது. குளம்பும் அந்தப் பாட்டுகளில் வரும். குளம்புக்கு இரும்பு அடித்ததாக ஓர் இடமும் என் கண்ணில் பட்டதில்லை. ஐரோப்பாவிலேயே ஆணியடித்த இரும்பு லாடம் பரவலானது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்புதான் என்பதால் இதில் வியப்பில்லை. அதியமான் ஆண்ட தகடூரின் (இன்றைய தருமபுரி) குதிரைகள் பெரும்பாலும் வெறுங்குளம்போடுதான் ஓடியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. சோழர் வரலாறு படிக்கிறவர்கள் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டில் வரும் அரசர் புகழுரையில்) 'தக்கணலாடம்', 'உத்திரலாடம்' என்று பார்த்துவிட்டு அதையும் குதிரையையும் முடிச்சுப் போடுவதுண்டு. அது வங்காளத்து ராட நாட்டின் தெற்குப் பகுதி, வடக்குப் பகுதி. குஜராத் பக்கமும் லாட தேசம் என்று ஒன்று இருந்தது. இவை ஊர்ப் பெயர்கள். எழுத்து ஒன்று, சொல் வேறு.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு இந்தச் சொல் எந்த வழியாக வந்திருக்கும்? 1792 வரை, பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி மைசூர் குதிரைப்படையின் பாதையில் இருந்தது. சவாரி, லகான் மாதிரிச் சொற்கள் இங்கே சரளமாகப் புழங்குவதற்கு அந்த ஆட்சியும் அதற்கு முந்தைய படைகளும் காரணமாயிருக்கலாம். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் 1824-ல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்கான குதிரைப் பண்ணை அமைத்தார்கள்; அதுதான் பின்னால் கால்நடைப் பண்ணையானது. குதிரை நூற்றுக்கணக்கில் நிற்கிற இடத்தில் லாடக்காரரும் கொல்லரும் இல்லாமல் முடியாது. ஆனால் சொல் அதற்கு முன்பே இங்கே இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஏனென்றால் அது குதிரையோடு நிற்காமல் மாட்டுக்குள் ஆழமாகப் போய்விட்டது. பண்ணைச் சொல் மட்டுமாக இருந்திருந்தால் பென்னாகரத்து வண்டிக்காரர் வாயில் இவ்வளவு இயல்பாக வந்திருக்காது.

இனி வேலை. குதிரைக்கு ஒரு காலில் ஒற்றைக் குளம்பு. அதன் வெளிச்சுவர் நம் விரல் நகம் போன்றதுதான். உணர்ச்சி இல்லாத கொம்புப் பொருள், கீழ்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கும். மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர். மயிர்க்கோட்டில் தொடங்கும் வளர்ச்சி முன்நுனியில் தரையைத் தொட ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகும். காலைத் தூக்கிப் பிடித்து அடியைப் பார்த்தால், ஓரத்தில் இந்தச் சுவர், அதை ஒட்டி உள்ளே வெளிறிய ஒரு கோடு, அதற்குள்ளே சற்றுக் குழிந்த அடித்தட்டு, குதிகாலிலிருந்து நடுவரை ஆப்பு வடிவில் மெத்தென்ற ஒரு பகுதி. அந்த வெளிறிய கோடுதான் எல்லை. அதற்கு வெளியே அடிக்கிற ஆணி குதிரைக்குத் தெரியாது. உள்ளே போனால் இரத்தம் ஓடுகிற சதை. வலிக்குமா என்ற கேள்விக்கு விடை இந்தக் கோட்டில் இருக்கிறது: சரியாக அடித்தால் வலிக்காது, சில மில்லிமீட்டர் தவறினால் நொண்டும்.

நல்ல லாடக்காரர் வந்ததும் சுத்தியைத் தொட மாட்டார். குதிரையைக் கெட்டித் தரையில் நேராக நடக்கவிட்டுப் பார்ப்பார். எந்தப் பக்கம் முதலில் தரை தொடுகிறது, பழைய லாடம் எங்கே அதிகம் தேய்ந்திருக்கிறது என்று. பிறகு மடித்துவிட்ட ஆணி முனைகளை உளியால் நிமிர்த்தி, கொறட்டைக் குதிகால் பக்கத்தில் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக முன்நுனி நோக்கி நெம்பி எடுப்பார். முனையை நிமிர்த்தாமல் ஒரே இழுப்பாக இழுத்தால் குளம்புச் சுவர் ஆணியோடு பிய்ந்து வரும்; அடுத்த முறை ஆணி பிடிக்க இடமிருக்காது. அடியில் அடைந்த சாணம், கல் எல்லாம் சுரண்டி, செத்த அடித்தட்டை மட்டும் வளைகத்தியால் சீவி, நீண்ட சுவரைக் கொறட்டால் நறுக்கி, அரத்தால் மட்டமாக்க வேண்டும். மெத்தைப் பகுதியை அழகுக்காகச் சீவுகிறவர்கள் உண்டு. அது காலில் இறங்கும் அதிர்ச்சியைத் தாங்குகிற இடம். கிழிந்து தொங்குவதை மட்டும் எடுத்தால் போதும்.

அடுத்தது பொருத்தம். குதிரையின் முன்கால் குளம்பு வட்டமாக இருக்கும், பின்கால் குளம்பு முன்பக்கம் சற்றுக் கூம்பி நீள்வட்டமாக இருக்கும். அதனால் கையில் கொடுத்த லாடம் முன்காலுக்கா பின்காலுக்கா என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். உடல் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு முன்கால்களில்தான் இறங்குகிறது. தவறு நடந்தால் முதலில் தெரிவதும் அங்கேதான். பட்டடையில் வைத்து லாடத்தைத் தட்டிக் குளம்பின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலர் செய்வது தலைகீழ்: கடையில் வாங்கிய லாடம் சின்னதாக இருந்தால் அதற்குள் அடங்கும்படி குளம்பின் முன்பக்கத்தை அரத்தால் ராவிவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் சுவர் மெலிந்துவிடும், வெளித்தோலில் இருக்கும் மினுமினுப்புப் படலம் போய் ஈரம் கட்டுப்பாடில்லாமல் ஏறி இறங்கும், நாளடைவில் வெடிப்பு வரும். குதிரை வைத்திருக்கும் உங்கள் உறவுக்காரர் ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டுமென்றால், குளம்பின் வெளிப்பக்கத்தில் அரம் எவ்வளவு ஓடுகிறது என்பதைக் கவனிக்கட்டும்.

ஆணிக்கு வருவோம். லாட ஆணி தச்சர் ஆணி மாதிரி உருண்டை அல்ல. தட்டையானது. முனையில் ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவியிருக்கும். அந்தச் சரிவு குளம்பின் உள்பக்கம் பார்த்து இருக்கும்படி வைத்து அடித்தால் ஆணி போகப் போக வெளிப்பக்கமாக வளைந்து சுவரைத் துளைத்து வெளியே வரும். திருப்பி வைத்தால் உள்ளே வளைந்து சதைக்குள் போகும். தலையில் ஒரு பக்கம் அடையாளம் வைத்திருப்பது இதற்காகத்தான். இருட்டில்கூட விரலால் தடவித் தெரிந்துகொள்வார்கள். ஆணி முனை லாடத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தை ஒட்டி வெளியே வர வேண்டும். மிகத் தாழ்ந்து வந்தால் பிடிமானம் இல்லை, மிக உயர்ந்து வந்தால் சதைக்கு அருகே போய்விட்டது என்று பொருள். ஒரு லாடத்துக்கு ஆறு முதல் எட்டு ஆணி. வெளிப்பக்கம் நான்கு, உள்பக்கம் மூன்று என்பது பழைய கணக்கு. குளம்பின் அகன்ற இடத்தைத் தாண்டிக் குதிகால் பக்கம் ஆணி அடிக்கக் கூடாது. குதிரை காலை ஊன்றும்போது குதிகால் பக்கம் சற்று விரியும், தூக்கும்போது சுருங்கும். அங்கே ஆணி போட்டுப் பூட்டிவிட்டால் நாளடைவில் குதிகால் ஒடுங்கிப்போகும்.

அனுபவமுள்ளவர் ஆணி அடிக்கும்போது பேச மாட்டார். காது ஆணியில் இருக்கும். கெட்டியான கொம்புப் பகுதியில் ஏறும் ஆணி ஒவ்வொரு அடிக்கும் எதிர்த்து நின்று கணீரென்று ஒலிக்கும். திடீரென்று ஒலி மந்தமாகி ஆணி சுலபமாக இறங்கினால் அது மென்மையான இடத்தை நோக்கிப் போகிறது. அதே கணத்தில் நிறுத்தி உருவிவிட வேண்டும். முனை வெளியே வந்ததும் முறுக்கி உடைத்து, மிச்சத்தைக் கீழ்நோக்கி மடித்துச் சுவரோடு படிய வைக்க வேண்டும். இந்த மடிப்புதான் லாடத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

தவறு நடந்தால் இரண்டு விதமாகத் தெரியும். ஆணி நேராகச் சதையில் ஏறியிருந்தால் குதிரை அப்போதே காலை வெடுக்கென்று இழுக்கும், உருவிய ஆணியில் இரத்தம் இருக்கும். சதையில் ஏறாமல் அதை நெருக்கிக்கொண்டு போயிருந்தால் அன்று ஒன்றும் தெரியாது; இரண்டு மூன்று நாள் கழித்து நொண்டும், குளம்பு தொட்டால் சுடும், நிற்கும்போது அந்தக் காலை முன்னால் நீட்டி ஓய்வு கொடுக்கும். அப்போது காலில் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. லாடம் அடித்த ஒரு வாரத்துக்குள் நொண்டினால் முதல் சந்தேகம் ஆணி மேல்தான். ஆணிகளை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தால் ஏதோ ஒன்று ஈரமாக, கறுப்பாக, நாற்றத்தோடு வரும். அந்தத் துளையைத் திறந்து சீழ் வெளியேற வழி செய்ய வேண்டும். கால்நடை மருத்துவரை அழைத்தே ஆக வேண்டும். முக்கியமாக ரணஜன்னி (டெட்டனஸ்). வீட்டு விலங்குகளில் ரணஜன்னிக்கு எளிதில் ஆளாவது குதிரைதான். தடுப்பூசி போடாத குதிரைக்கு ஓர் ஆணிக்குத்து உயிரை வாங்கப் போதும். மாட்டுக்கு இந்த அபாயம் குறைவு, அதனால் மாட்டுக்காரர் பழக்கத்தில் குதிரையையும் விட்டுவிடுவது ஆபத்து.

லாடம் மாற்றும் கால இடைவெளியில் எல்லோரும் சறுக்குகிறார்கள். "இரும்பு இன்னும் தேயவே இல்லை, எதற்கு மாற்ற வேண்டும்?" என்பார்கள். இரும்பு தேயவில்லை, சரி. குளம்பு வளர்கிறதே! வெறுங்காலோடு நடக்கும் குதிரைக்கு வளர்வதும் தேய்வதும் ஒருவாறு சரியாகிவிடும். லாடம் போட்டவுடன் தேய்வது நின்றுவிடுகிறது, வளர்வது நிற்பதில்லை. முன்நுனி நீண்டு, லாடம் குளம்போடு முன்னால் நகர்ந்து, குதிகால் தாங்கலில்லாமல் போகும். நான்கு முதல் ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரம். அதற்குள் கழற்றிச் செதுக்கியாக வேண்டும். இரும்பு நன்றாக இருந்தால் அதையே திரும்ப அடிக்கலாம். பண்ணையில் மண் தரையில் மட்டும் திரியும் குதிரைக்கு லாடமே வேண்டியதில்லை, செதுக்குவது மட்டும் தவறக் கூடாது. தார்ச்சாலையில் ஓடுவதற்கும் நம் பக்கத்துக் கல்லாங்கரட்டில் ஓடுவதற்கும்தான் லாடம் தேவைப்படும்.

இப்போது மாட்டுக்கு வாருங்கள், சொல்லின் முடிச்சு அவிழும். மாட்டுக் குளம்பு பிளவுபட்டது. ஆகவே ஒரு காலுக்கு இரண்டு தகடு, நான்கு காலுக்கும் சேர்த்து எட்டுத் தகடு. செலவு பார்க்கிறவர்கள் முன்கால்களோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. தகடு மெல்லியது, பாதி இலை வடிவில் இருக்கும், துளைகள் வெளி ஓரத்தில் மட்டும். இரு பிளவுக்கும் நடுவே உள்ள சுவர் மெல்லியதாக இருப்பதால் உள்பக்கம் ஆணி போடுவதில்லை. குதிரையைவிட மாட்டுக்குக் குளம்புச் சுவரே மெலிசு. ஆணியும் சிறியது, தவறுக்கு இடமும் குறைவு. உழவு மாட்டுக்கு இது தேவையில்லை. சாலையில் பாரம் இழுக்கும் வண்டி மாட்டுக்குத்தான். ஆலம்பாடி மாடும் அள்ளிக்கார் மாடும் வண்டியில் பூட்டிக் காவேரிப்பட்டணம், தருமபுரிச் சந்தைகளுக்குப் போன காலத்தில் இந்த வேலைக்கு இருந்த தேவை, டிராக்டரும் மினி லாரியும் வந்தபின் சுருங்கிவிட்டது.  

குதிரைக்கு நின்றபடியே வேலை நடக்கும். பழகிய குதிரை ஒரு காலைக் கொடுத்துவிட்டு மற்ற மூன்று காலில் நிதானமாக நிற்கும். லாடக்காரர் முன்காலைத் தன் முழங்கால்களுக்கு இடையிலும் பின்காலைத் தொடைமேலும் வைத்துக்கொள்வார். மாடு அப்படி மூன்று காலில் சமநிலையாக நின்று தராது. கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, நடுவில் கம்போ கவைக்கட்டையோ கொடுத்துக் குளம்பின் அடி மேலே பார்க்கும்படி செய்து, அதன்பிறகுதான் தகடு வைத்து அடிப்பார்கள். வேலையில் பாதி கயிற்று வேலை. எங்கே கட்டுதல் வருகிறது என்று பாருங்கள்.

ஆகவே 'லாடம் அடித்தல்' என்பது ஆணி அடிக்கும் செயலை மட்டும் சொல்கிறது. 'லாடம் கட்டுதல்' முழு வேலையையும் சொல்கிறது. இரண்டும் சரியான வழக்குதான். கட்டுதல் என்பதற்கு வேறு இரண்டு விளக்கமும் சாத்தியம். சதங்கை கட்டுதல், பல் கட்டுதல் என்பது போலப் பொருத்துதல் என்ற பொருளில் வந்திருக்கலாம். அல்லது, பாரசீக வழியில் வந்த 'நால்பந்த்' என்ற சொல் லாடக்காரரைக் குறிக்கும். அதில் வரும் பந்த் என்பதற்குக் கட்டு என்றே பொருள், அதன் நிழலாகவும் வந்திருக்கலாம். மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் கயிற்றின் பக்கம் நிற்பேன், அதுவும் பேச்சு வழக்கை வைத்து: குதிரை மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் அடிப்பது என்றும், மாடு பார்த்து வளர்ந்தவர்கள் கட்டுவது என்றும் சொல்வதுதான் பொதுவாகக் காதில் விழுகிறது. நீங்கள் கேட்டதிலும் அதே பிரிவு இருக்கிறது.

போலீஸ் 'லாடம் கட்டும்' பேச்சு இதிலிருந்துதான். கையையும் காலையும் கட்டிப்போட்டு உள்ளங்காலில் அடிப்பதை அந்தச் சொல் குறிக்கிறது. சாய்த்துக் கட்டிய மாட்டின் நிலையை நினைத்தால் உவமை உடனே புரியும். நின்றுகொண்டு காலைக் கொடுக்கும் குதிரையிலிருந்து இந்தப் பொருள் பிறந்திருக்க முடியாது. அங்கே அடிபடுகிற இடம் உணர்ச்சியற்ற கொம்பு, இங்கே உயிருள்ள பாதம். அதனால் இதை நகைச்சுவையாகப் பயன்படுத்துவது எனக்கு உவப்பில்லை. காவலர் பூட்ஸ் அடியில் வைத்து அடித்த இரும்புத் தகட்டுக்கும் லாடம் என்று பெயர் உண்டு, அது தனி வழக்கு. பள்ளிப் பாடத்தில் வரும் லாடக் காந்தம் வடிவத்தால் பெற்ற பெயர். அது குதிரை லாடத்தின் வடிவம், மாட்டுத் தகட்டின் வடிவமல்ல.

மாட்டைச் சாய்ப்பது பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் ஆணியைவிட அதில்தான் கேடு அதிகம். வயிறு நிறையத் தின்ற மாட்டைச் சாய்த்தால் உப்புசம் ஏறும், அசைபோடும் தீனி எதுக்களித்து மூச்சுக்குழலுக்குள் போகலாம். முதல் நாள் இரவிலிருந்து தீனி குறைத்து, காலையில் வெறும் வயிற்றில் செய்ய வேண்டும். கல் தரையில் சாய்த்தால் தோள் பக்க நரம்பு நசுங்கி முன்கால் இழுத்துக்கொள்ளும். மணல் அல்லது வைக்கோல் பரப்பிய இடம் வேண்டும். கொம்பைப் பிடிக்க ஓர் ஆள் தனியாக இருக்க வேண்டும். சினை மாட்டைச் சாய்க்கவே கூடாது. எட்டுத் தகடும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டுமென்று நீண்ட நேரம் படுக்க வைப்பதைவிட, நடுவில் அவிழ்த்துவிட்டு எழுப்பி மறுபடி சாய்ப்பது மேல்.

லாடம் அடிப்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், லாடம் அடிப்பவர்களுக்கு உரிமம் வழங்குவதற்கென்றே 1965-ல் தனி விதிகள் வந்தன. நடைமுறையில் சந்தைக்குச் சந்தை போகும் லாடக்காரரிடம் யாரும் உரிமம் கேட்பதில்லை. உங்கள் உறவுக்காரர் குதிரைக்கு ஆள் தேடினால், அவர் குதிரைக்கு அடித்துப் பழகியவரா மாட்டுக்கு மட்டுமா என்று கேட்பது அவசியம். மாட்டுக்குக் கைதேர்ந்தவர் குதிரைக்கும் ஏற்றவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரில் பந்தயக் குதிரைக்குச் செய்கிறவர்கள் எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். ஆனால் பந்தயத்துக்குப் போடும் அலுமினிய லாடத்தைச் சாலைக் குதிரைக்குப் போடச் சொல்லாதீர்கள், விரைவில் தேய்ந்துபோகும். சாலைக்கு மெல்லிரும்புதான். அது குளிர்ந்த நிலையிலும் தட்டி வளைக்க வரும்.

கடைசியாக, வாசலில் மாட்டுவது. கறுப்புக் குதிரையின் லாடம் சனி தோஷத்துக்கு என்பதும், வாய் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதும் நம்பிக்கை. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "குதிரை காலிலிருந்து கழற்றியது" என்று காசு வாங்கிக்கொண்டு புதிதாக வார்த்த இரும்பை விற்கிறார்கள், அதைக் கண்டுபிடிக்கலாம். உண்மையில் ஓடித் தேய்ந்த லாடத்தில் முன்நுனி மற்ற இடத்தைவிட மெலிந்திருக்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். ஆணித் தலை பதியும் பள்ளம் தேய்ந்து ஆழம் குறைந்திருக்கும், ஒன்றிரண்டு துளையில் ஒடிந்த ஆணித் துண்டு மாட்டியிருக்கும். குளம்பைத் தொட்ட மேல்பக்கம், இரு குதிகால் முனைகளிலும் வழவழவென்று மினுங்கும். குளம்பு விரிந்து சுருங்கி உரசிய தடம் அது. துளை எல்லாம் ஒரே அளவில் சுத்தமாக, தகடு முழுக்க ஒரே கனத்தில், மேலே மட்டும் துரு பூசியது போல இருந்தால் அது எந்தக் குதிரையின் காலுக்கும் போகாத இரும்பு. இன்னொன்று, இரண்டு பாதித் தகடாக இருந்து ஓரத்தில் மட்டும் துளை இருந்தால் அது மாட்டு லாடம்; விற்கிறவர் என்ன சொன்னாலும் குதிரையுடையதல்ல.